படங்கும் பரலும் புழுக்கொடியலும்

“காசு குடுத்துப் போய்ப் படங்குக்குக் கீழ படுக்கப் போறியளோ?” என்று கேட்டார் அம்மா.

சாப்பாட்டு மேசை முழுக்க அல்கொன்குயின் பூங்காவின் வரைபடம் விரிந்து கிடந்தது. மார்ச் மாதம், வெளியில் இன்னும் பனி. அத்தானும் அவருடைய மகனும் ஆளுக்கொரு நிறப் பென்சிலோடு குனிந்திருந்தார்கள். அம்மா பிளேன்ரீக் கோப்பையை வரைபடத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, நீலம் நீலமாகத் தெறித்துக் கிடந்த ஏரிகளைப் பார்த்தபடிதான் அதைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படங்கு என்கிற தார்ப்பாயைப் பற்றி அம்மாவிடம் பேச எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? 95-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்தில் போர் நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்த இரவில் எங்கள் குடும்பமும் அதற்குள் நின்றது. கையில் அகப்பட்டதை எடு என்று அப்பா கத்த, அம்மா தூக்கியது மர இடியப்ப உரலை. கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே படங்கு கட்டிக்கொண்டு ஐந்து மாதம் இருந்தோம். ஒரு நாளும் இடியப்பம் பிழியவில்லை.

அல்கொன்குயினுக்கு நாங்கள் வெளிக்கிட்டது இது முதல் தரமில்லை. மூன்று வருடத்துக்கு முதல் ஒரு தரம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அதனால்தான் இந்த முறை வரைபடம், பென்சில், தராசு எல்லாம். கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம். 1893-இல் ஒதுக்கப்பட்ட இடம், ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தை உள்ளே ஏழு தரம் வைக்கலாம். ஏரிகள் மட்டும் 2,400-க்கு மேல். தெற்குப் பக்கத்தால் 60-ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றருக்குப் பூங்காவுக்குள் ஓடுகிறது. மேப்பிள் இலை சிவக்கிற காலத்தில் எங்கட ஆட்கள் வான் வானாகப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருவது அந்த றோட்டில்தான். றோட்டுக்கு அப்பால் உள்ள பெருங்காட்டுக்குள் போவதென்றால் நடக்க வேண்டும், அல்லது கனூ என்கிற ஒடுங்கிய வள்ளம் வலிக்க வேண்டும்.

மரம் வெட்டுகிற லொறிகளுக்கு மட்டும் அங்கே வேறு பாதை உண்டு. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களுக்குள் வியாபாரத்துக்கு மரம் வெட்ட இன்னமும் விட்டிருப்பது இங்கே மட்டும்தான். ‘பாதுகாக்கப்பட்ட காடு’ என்றதும் கோடரி படாத காடு என்று நினைத்துவிட வேண்டாம். பூங்காவின் பெயர் அல்கொன்குயின் மக்களுடையது. நிலத்தை எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்கிற அவர்களுடைய உரிமைக் கோரிக்கை இன்னும் பேச்சுவார்த்தையில் கிடக்கிறது. கனூவும் இந்த மண்ணின் பழங்குடிகளுடையதுதான். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் தரை குறுக்கிடுகிற நாட்டில், தோளில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய வள்ளம்தான் வள்ளம். பேர்ச் மரப்பட்டையில் அதைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

இந்தத் தூக்கி நடக்கிற துண்டுக்குத்தான் போர்ட்டாஜ் என்று பெயர். அத்தான் அதற்குத் தூக்குப்பாதை என்று பெயர் வைத்தார். திட்டம் முழுக்க அதில்தான் தொங்குகிறது என்பதை முதல் தரம் போனபோது நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. வரைபடத்தில் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் மீற்றர் கணக்கு. 800 என்று போட்டிருந்தால், ‘பத்து நிமிச நடைதானே’ என்றுதான் மனம் சொல்லும். சாமானை ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால் என்ன ஆகும்? ஒரு தரம் சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, மறுபடி சுமையோடு போக வேண்டும். 800 மீற்றர் 2,400 மீற்றராகிவிடும். சேறு, வேர், கல், ஏற்றம், முகத்தில் நுளம்பு எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே. அந்த முறை காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாரமான கனூவை வாடகைக்கு எடுத்தவன் நான். 30 கிலோவுக்கு மேல் வரும். அதோடு ஒரு ஐஸ்பெட்டி, மடக்குக் கதிரைகள் நான்கு, மூன்று கிலோ கோழி. ஏரிக்குப் போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது.

அங்கேதான் இரண்டாவது பிழை. நீங்கள் பதிவு செய்வது ஒரு ஏரியில் ஒரு இரவை. குறிப்பிட்ட இடத்தை அல்ல. அந்த ஏரியில் பத்து இடம் இருந்தால் முதலில் வந்தவர் நல்லதைப் பிடிப்பார். கடைசியில் வந்த உங்களுக்கும் ஒன்று கட்டாயம் இருக்கும், ஆனால் எந்தக் கரையில் என்று தேட வேண்டும். இடங்களைக் காட்டுவது மரத்தில் அடித்த செம்மஞ்சள் பலகை. கருகல் பொழுதில் அந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாது; மற்றவர்களுடைய நெருப்புத்தான் தெரியும். நெருப்பு நெருப்பாகக் கடந்து போனோம். மனைவி முன்னுக்கிருந்து வலித்துக்கொண்டே வந்தாள், ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த முறை பின்னேரம் இரண்டு மணிக்கு முதல் கூடாரம் அடித்திருக்க வேண்டும் என்று அவள் சட்டம் போட்டாள். மிச்சத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்தோம். சாமான் ஏற்றிய கனூவில் பழக்கமில்லாதவர்கள் மணித்தியாலத்துக்கு மூன்று கிலோமீற்றர் போனால் போதும் என்று வைத்தோம். வீரம் பேசுகிறவர்கள் ஐந்து என்பார்கள். காற்றுக்கு முன்னால் பேசிப் பார்க்கட்டும்.

பாதையைப் பற்றி மருமகனுக்கும் எனக்கும் ஒரு கிழமை இழுபறி. இருபத்தொரு வயது, வட்டமாகச் சுற்றி வர வேண்டுமாம், போன வழியால் திரும்பி வரக் கூடாதாம். அவன் பென்சிலால் கீறிய வட்டத்தில் 2,300 மீற்றர் தூக்குப்பாதை ஒன்று இருந்தது. “மூண்டால் பெருக்கடா,” என்றேன். பெருக்கினான். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். “நான் ஒரே நடையிலை கொண்டு போவன் மாமா.” “நீ போவாய். உன்ரை கொப்பர்?” அத்தானுக்கு அறுபத்தி இரண்டு வயது, ஒரு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது. அவர் வரைபடத்தை விட்டுத் தலையை எடுக்காமலே, “என்னை விட்டிட்டுக் கணக்கைப் பாருங்கோ,” என்றார். கடைசியில் ‘கனூ ஏரி’ என்றே பெயருள்ள ஏரியில் இறங்கி, ஜோ ஏரிக்கு ஒரேயொரு தூக்குப்பாதை, கிட்டத்தட்ட 300 மீற்றர், பிறகு தண்ணீராலேயே டீப்பி ஏரி, அதற்கப்பால் டொம் தொம்சன் ஏரி என்று முடிவானது. முதல் இரவு டீப்பியில், அடுத்த இரண்டு இரவும் டொம் தொம்சனில். நடுநாளில் வெறும் கனூவோடு மருமகன் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம்.

டொம் தொம்சன் என்பது அந்தக் காட்டை வரைந்த ஓவியர். 1917 ஜூலை 8-ஆம் திகதி கனூ ஏரியில் தனியே போனார். கனூ மட்டும் மிதந்தது; எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. எப்படிச் செத்தார் என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்த மர்மத்தில் பெரிய அக்கறை இல்லை. அந்த ஏரிகளைக் கரைத்துக் குடித்த மனிதருக்கே அப்படி நடந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டது மட்டும் என் பிழை. அடுத்த நாளே எல்லாருக்கும் அளவான உயிர்காப்புச் சட்டை வாங்கி வந்துவிட்டாள். சட்டப்படி ஆளுக்கொன்று கனூவில் இருக்க வேண்டும். அதோடு 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் அள்ளி ஊற்ற ஒரு பாத்திரம், ஊதுகுழல். இருக்க வேண்டும் என்கிறது சட்டம். போட்டிருக்க வேண்டும் என்றாள் அவள்.

பதிவு ஐந்து மாதத்துக்கு முதல் திறக்கும். ஓகஸ்ட் 24 இரவுக்கு மார்ச் 24 காலை ஏழு மணி. 6:50-க்கே மூன்று பேர் மூன்று கணினியில் இருந்தோம், கலியாண நாள் போல. 7:04-க்கு முடிந்துவிட்டது. ஏன் ஓகஸ்ட் கடைசி என்று கேட்பீர்கள். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடிய கறுப்பு ஈ. அது குத்தாது, தோலை அறுத்து இரத்தம் எடுக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நுளம்பு வரும். ஓகஸ்ட் கடைசியில் இரண்டும் அடங்கிவிடும், தண்ணீரும் குளிக்கப் பதமாக இருக்கும். மே மாதத் தண்ணீரில் கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கை கால் விறைத்துவிடும்.

அத்தான் மயிலிட்டிக்காரர். கடலில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் கனூ அவருக்குத் தூசு என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம், அவரும் நம்பினார். ஜூன் மாதம் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஏரியில் பழகப் போனோம். கரையிலிருந்து முப்பது அடி போயிருப்போம். அத்தான் எழும்பி நின்றார். வள்ளத்தில் நின்றுதானே சவள் போடுவது? அடுத்த கணம் தொப்பி மட்டும் மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்று கனூவைத் தட்டிப் பார்த்து, “இது வள்ளமில்லை, கோது,” என்றார். பிறகு முட்டுக்காலில் இருக்கப் பழகினார்.

ஆனால் காற்றைப் பற்றி அவர் சொன்னதை எந்தக் கையேடும் எனக்கு அப்படி விளங்கப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் கோடையில் கூடுதலாக மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் காற்று. “அப்ப இஞ்சையும் சோளகம்தான்,” என்றார். வெயில் ஏற ஏறக் காற்று ஏறும்; அதனால் பெரிய ஏரியை விடியக் காலையில் கடந்துவிடு. காற்று முகத்தில் அடித்தால் பாரத்தைக் கொஞ்சம் அணியப் பக்கம் தள்ளு, முதுகில் அடித்தால் பின்னுக்கு இழு. நடு ஏரியால் குறுக்கே போகாதே, கரையை ஒட்டிப் போ. தூரம் கூடும், உயிர் குறையாது. கடல் அலைக்கு நீளம் இருக்கிறது, அதில் ஏறி இறங்கலாம். ஏரி அலை கிட்டக் கிட்ட வந்து படபடவென்று அடிக்கும் என்று அவர் சொன்னது பழக்கத்துக்குப் பிறகுதான். கவிழாதவர் இதைச் சொல்லியிருந்தால் நான் காது கொடுத்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். உள்காட்டுக்குள் தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. சிலர் இதைக் கேட்டுத் தலையில் கை வைப்பார்கள். மீன்ரின் இல்லாமல் எங்கட ஆட்களுக்குப் பயணமா? எனக்கென்றால் இது எங்களுக்கென்றே போட்ட சட்டம் மாதிரித் தெரிந்தது. கடைகளில் விற்கிற காய வைத்த முகாம் சாப்பாட்டுப் பைகளை ஒரு தரம் வாங்கிப் பார்த்தோம். விலை கொள்ளை, சுவை கடதாசி. எங்கள் சமையலறையில் பாரமில்லாமல் நாள்பட நிற்கிற சாமானுக்கா பஞ்சம்? வறுத்த அரிசி மா, சோயாமீற், பருப்பு, தேங்காய்ப்பால் மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை, பயத்தம் உருண்டை. காலையில் புட்டு, மத்தியானம் நெருப்பு மூட்டாமல் வடையும் உருண்டையும், இரவு சோறும் சோயாமீற் கறியும், அல்லது சுட்ட ரொட்டி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம். நான்கு பேர், நான்கு நாள், 11 கிலோ சொச்சம். எல்லாம் ஒரு 60 லீற்றர் நீலப் பரலுக்குள், அதாவது மூடி போட்ட பீப்பாய்க்குள்.

பரல் மணத்தை அடக்கும், மழையை விடாது. கரடி மனம் வைத்தால் அதையும் பார்த்துக்கொள்ளும். அதனால் இரவில் பரல் கூடாரத்திலிருந்து தள்ளித்தான் இருக்க வேண்டும்; பையென்றால் நிலத்திலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில், மரத்திலிருந்து இரண்டு மீற்றர் விலத்தித் தொங்க வேண்டும். பற்பசையும் அதற்குள்தான், சவர்க்காரமும் அதற்குள்தான். கருவாடு கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பரலைத் தராசில் வைத்தால் பட்டியலைவிட 400 கிராம் கூட நிற்கிறது. திருப்பித் திருப்பி நிறுத்தோம். மனைவி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அரிசி மாப் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பாரைக் கருவாடு. மூன்று பைக்குள் போட்டும் மணம் அறையை நிறைத்தது. “கரடிக்கு எங்கை தெரியப்போகுது பாரைக் கருவாட்டை?” என்றார் அத்தான்.

அம்மா பட்டியலை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலால் தடவினார். “உது எத்தினை நாளைக்கு?”

“நாலு நாள் அம்மா.”

“நாலு நாளைக்கு மூண்டு சோடி உடுப்போ? நாங்கள் ரெண்டு சோடியோடை அஞ்சு மாசம் இருந்தனாங்கள்.” விரல் இன்னும் கீழே போனது. “இந்தக் கோடரி என்னத்துக்கு? மரம் வெட்ட விடுவினமோ?”

நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது, விழுந்து காய்ந்ததை மட்டும்தான் பொறுக்கலாம். கோடரி என்னத்துக்கு என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் வைத்தேன். உடுப்பில் ஒரு சோடியை எடுத்தேன். அம்மா உள்ளே போய் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புழுக்கொடியல், அவித்துக் காய வைத்த பனங்கிழங்கு, ஊரிலிருந்து ஆரோ கொண்டுவந்தது. நிறுத்துப் பார்த்தேன், 250 கிராம். பரலில் கருவாடு இருந்த இடத்துக்குள் போனது.

ஓகஸ்ட் 24, காலை ஒன்பதுக்குத் தண்ணீரில் இறங்கிவிட்டோம். இந்த முறை கெவ்லர் என்கிற பாரமில்லாத இழையில் செய்த இரண்டு கனூ, ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குள். கனூ ஏரியின் வடக்கு முனையில் மஞ்சள் பலகை, தூக்குப்பாதை. மருமகன் கனூவைத் தொடையில் ஏற்றி, ஒரு எத்தில் தலைக்கு மேலே கவிழ்த்து, நுகத்தைத் தோளில் இருத்தினான். இடுப்புக்கு மேலே ஆளைக் காணவில்லை. ஒரு பச்சைக் கோதுக்கு இரண்டு கால் முளைத்து நடந்து போனது. அத்தான் பரலை முதுகில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வழி விட்டு ஒதுங்கி நின்று, எவ்வளவு பாரம் என்று கேட்டார். அத்தான் அதற்குத் தமிழில் “பாரமில்லை, சாப்பாடு” என்றார். கிழவர் தலையாட்டினார். ஒன்றரை நடையில் எல்லாம் முடிந்தது: நான்கு பேரும் ஒரு தரம், மருமகன் மட்டும் இரண்டாம் தரம் மற்றக் கனூவுக்கு. டீப்பி ஏரியில் கூடாரம் அடிக்க ஒரு மணி பத்து. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தேத்தண்ணி வைத்தாள்.

இரண்டாம் இரவு மழை. படங்கைக் கட்டியது அத்தான். மூலைக் கயிறுகளை அவர் முடிச்சுப் போட்ட வேகத்தில் மருமகன் கைப்பேசியில் படம் பிடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. நடுச்சாமத்தில் லூன் பறவை கத்தியது. கனடாக் காசு ஒரு டொலர்க் குற்றியில் இருக்கிறதே, அதே பறவை. 87-ஆம் ஆண்டிலிருந்து எல்லாருடைய பொக்கற்றுக்குள்ளும் கிடக்கிறது. அதன் குரலை அன்றைக்குத்தான் மனைவி முதல் தரம் கேட்டாள். முதலில் யாரோ பிள்ளை அழுகிறது என்று எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்த அடுத்த நாள் நிலக்கீழ் அறையில் எல்லாவற்றையும் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தோம். போகிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் எடுத்தவை ஒரு குவியல்: படங்கு, கேத்தில், தண்ணீர் வடிகட்டி, தலைவிளக்கு, கம்பளிக் காலுறை. ஒரு தரம் எடுத்தவை ஒன்று. தொடாதவை ஒன்று. தொடாததில் முதலுதவிப் பெட்டியும் 15 மீற்றர் கயிறும் ஊதுகுழலும் இருந்தன. அவை அடுத்த முறையும் தொடப்படாமல் வர வேண்டும். மற்றபடி சூரிய ஒளியில் மின்னேற்றும் பலகை, சீட்டுக்கட்டு, நான் கொண்டுபோன தடித்த புத்தகம், கோடரி.

அம்மா படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோடரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஒடியல் மிச்சம் கிடக்கோ?”

“முதல் நாளே முடிஞ்சுது அம்மா. தூக்குப்பாதையிலையே முடிச்சிட்டினம்.”

“அப்ப எழுது,” என்றார். அடுத்த வருடத்துப் பட்டியலில் புழுக்கொடியல் 500 கிராம் என்று எழுதினேன். அன்றிரவு குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தால், அதற்குக் கீழே அத்தானுடைய கையெழுத்தில், பென்சிலில், மிகச் சின்னதாக: கருவாடு 400.